மூன்றில் ஒரு பங்கு அப்பா

1

என்னுடைய பிறப்புச் சான்றிதழில் தண்ணீர் ஏறாது. அதனால்தான் அது ஜெர்மனியில் செல்லாமல் போனது.

போன குளிர்காலத்தில், இங்கே நிரந்தரமாகத் தங்குவதற்கான விண்ணப்பத்தோடு அதைக் கொண்டு போயிருந்தேன். மேசைக்கு அந்தப் பக்கம் இருந்த பெண் அதை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார், ஓரத்தை நகத்தால் சுரண்டினார். "இது லாமினேட் செய்த தாள். இதன்மேல் எந்த முத்திரையும் விழாது. உங்கள் நாட்டிலிருந்து புதிய பிரதி ஒன்று எடுத்து, அங்கே முத்திரை வாங்கிக்கொண்டு வாருங்கள்" என்றார். பிறகு உண்மையாகவே புரியாமல் கேட்டார்: "இதை ஏன் இப்படிச் செய்தீர்கள்?"

"எங்கள் வீட்டுக்குள் மழை பெய்யும்" என்றேன்.

நான் ஜெர்மன் மொழியைப் பிழையாகப் பேசுகிறேன் என்று அவர் நினைத்துக்கொண்டார். சிரித்த முகத்தோடு, பாலர் பாடசாலை ஆசிரியை மாதிரி மெதுவாகத் திருத்தினார்: "வீட்டுக்கு வெளியே."

ஆமாம் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். ஆறு வருடத்தில் நான் பேசிய ஜெர்மன் வாக்கியங்களில் கொஞ்சமும் பிழையில்லாத ஒன்று, அந்த வீட்டுக்குள் பெய்யும் மழைதான்.

இலங்கையில், கொட்டகலைக்கு மேலே இருக்கிற எங்கள் தேயிலைத் தோட்டத்துத் தொழிலாளர் வரிசை வீட்டில், லயத்தில், எங்களுக்கு ஒரே அறை, ஒரு காம்பராதான். கூரைத் தகரத்தில் எங்கே ஓட்டை என்று வீட்டில் எல்லோருக்கும் மனப்பாடம். சான்றிதழ்களைப் பிஸ்கட் டின்னில் போட்டு அட்டாலிப் பரணில் வைத்திருந்தோம். ஒரு ஆடி மழையில் டின்னுக்குள்ளும் தண்ணீர் போய், என் பெயரில் இரண்டு எழுத்து ஊறிவிட்டது. அப்பா அதை அடுப்பங்கரையில் காயவைத்து, சட்டைக்குள் வைத்துக்கொண்டு கொட்டகலைக்கு இறங்கிப் போனார். திரும்பி வந்தவர் அதை வாசல் கல்லில் வைத்தார். செம்பிலிருந்து தண்ணீரை அதன்மேல் ஊற்றினார்.

"பாத்தியா? இனி ஒண்ணும் ஏறாது."

பக்கத்துக் காம்பராக்காரர்களும் வந்து பார்த்தார்கள். எழுதப் படிக்கத் தெரியாத அப்பா, அதில் என்ன எழுதியிருக்கிறது என்று என்னிடம் ஒருதரம் படிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு, மறுபடியும் தண்ணீர் ஊற்றினார்.

2

அப்பா ஓய்வு பெறும்வரை தேயிலை ஃபெக்டரியில் கொழுந்து அரைக்கும் ரோலரில் வேலை செய்தவர். அந்த இரைச்சலுக்கு மேலே பேசிப் பேசி, வீட்டிலும் மனிதர் கத்தித்தான் பேசுவார். இரகசியம் என்று அவர் சொல்வது நான்கு காம்பராவுக்குக் கேட்கும்.

நான் இங்கே ஒரு பால் தொழிற்சாலையின் ஆய்வுகூடத்தில் வேலை செய்கிறேன். காலை ஐந்தரைக்கு பஸ், ஆறரைக்கு வெள்ளைக் கோட்டு, பிறகு மாலைவரை சிறு சிறு குப்பிகளில் பால். வேலை கிடைத்த செய்தியைச் சொன்னபோது அப்பா கேட்டார், "கெம்பஸ் எல்லாம் படிச்சி, நீயும் ஃபெக்டரிக்குத்தானா போன?" அதற்குப் பிறகு எனக்கும் அவருக்கும் அது ஒரு விளையாட்டுப் பேச்சாகிவிட்டது. "ஒங்க ஃபெக்டரில இன்னைக்குக் கொழுந்து எப்பிடி?" என்பார். "நல்ல கொழுந்துப்பா, கொஞ்சம் புளிச்சிருச்சி" என்பேன்.

தங்கை மலர் அவருக்கு ஒரு பழைய ஸ்மார்ட்ஃபோன் கொடுத்து, வாட்ஸ்அப்பில் குரல் பதிந்து அனுப்பப் பழக்கினாள். அது ஃபோன் பேச்சு இல்லை, அந்த நேரத்தில் மறுமுனையில் யாரும் இல்லை என்பதை மட்டும் அவர் கடைசிவரை ஒத்துக்கொள்ளவில்லை. ஒவ்வொரு பதிவும் இப்படித்தான் தொடங்கும்: "ஹலோ. தம்பி, கேக்குதா?" பிறகு நிறுத்துவார். என் பதிலுக்கு இடம் விடுவார். மூன்று நான்கு விநாடிக்குப் பிறகு, பதில் வந்துவிட்டது போல "ஆ" என்று சொல்லிவிட்டுத் தொடர்வார்.

என் மகள் இனியாவுக்கு நான்கு வயது. பாலர் பாடசாலைக்குப் போகத் தொடங்கியதிலிருந்து அவளுடைய தமிழ் ஒவ்வொரு வாரமும் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைகிறது. தோடம்பழத்தையும் பூனையையும் ஜெர்மனில்தான் கூப்பிடுகிறாள். ஆனால் தாத்தாவின் பதிவை நான் போட்டால், "கேக்குதா?" என்று அவர் நிறுத்தும் இடத்தில் சரியாக "யா" என்பாள், ஜெர்மனில் ஆமாம். உடனே தாத்தா "ஆ" என்பார். அவர்கள் இரண்டு பேரும் நேரில் பார்த்துக்கொண்டதே இல்லை. பேசிக்கொண்டார்கள் என்றுதான் நான் சொல்வேன்.

ஒரு காலையில் தண்ணீர் பிடிக்கப் பைப்படிக்குப் போன அப்பா அங்கேயே உட்கார்ந்தார், எழும்பவில்லை. நான் போய்ச் சேர்ந்தது மூன்றாம் நாள். அதைப் பற்றி இங்கே எழுதப்போவதில்லை.

3

திரும்பி வந்த பிறகு என்னிடம் மிஞ்சியது அந்தக் குரல் பதிவுகள்தான். நூற்று நாற்பதுக்குக் கொஞ்சம் மேலே. ஃபோன் எந்த நாளும் ஃபோன்தான், ஒரு நாள் போய்விடும். தாளில் இறக்கி வைத்தால் இருக்கும் என்று நினைத்தேன். பிஸ்கட் டின் வீட்டுப் பிள்ளைக்கு அப்படித்தானே தோன்றும். ஊரிலிருந்து கொண்டுவந்த தடித்த அட்டைக் கொப்பி ஒன்று இருந்தது. தினமும் வேலை முடிந்து வந்து, தேநீர் ஊற்றிக்கொண்டு, இரண்டு மூன்று பதிவாகக் கேட்டு எழுதத் தொடங்கினேன்.

எப்படி எழுதினேன் என்பதுதான் விஷயம்.

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போய்ப் பரீட்சை எழுதிய முதல் ஆள் நான். பத்தாம் வகுப்புக்குப் பிறகு எழுதும் சாதாரண தரப் பரீட்சையில், தமிழ் வினாத்தாளில் ஒரு கேள்வி எப்போதும் வரும்: கீழே உள்ள பந்தியை மூன்றில் ஒரு பங்காகச் சுருக்குக. அதில் எனக்குக் குறைந்ததே இல்லை. எங்கள் தமிழ் ஆசிரியர் சொல்லிக்கொடுத்த விதிகள் இன்றைக்கும் கைவிரலில் இருக்கின்றன. சொன்னதையே திரும்பச் சொன்னால் வெட்டு. உதாரணத்தை வெட்டு. இடையில் வேறு ஆள் பேசினால் வெட்டு. "கவ்வாத்துக் கத்தி மாதிரி இருக்கணும்டா பேனை" என்பார். தேயிலைச் செடியை அடியோடு ஒட்ட நறுக்குவதைத்தான் கவ்வாத்து என்போம். வகுப்பில் என் கொப்பியைத் தூக்கிக் காட்டி, "இவனுக்கு வெட்டத் தெரியுது" என்று ஒருநாள் சொன்னார். வீட்டுக்கு ஓடிப்போய் அப்பாவிடம் சொன்னேன். எதை வெட்டினேன் என்று அவர் கேட்கவில்லை. சந்தோஷப்பட்டார்.

ஒரு பதிவை நினைவில் இருந்து தருகிறேன்.

"ஹலோ. தம்பி, கேக்குதா? ... ஆ. நான் அப்பாதான் பேசுறேன். சாப்ட்டியா? ... ஆ. இங்க மழப்பா. நேத்துப் புடிச்சது இன்னும் விடல. மேல் லயத்துல தகரம் ஒண்ணு பிச்சிக்கிட்டுப் போயிருச்சி."

பின்னால் அம்மாவின் குரல்: "மேல் லயத்துலன்னு ஒழுங்கா சொல்லுங்க, நம்ம தகரம்னு நெனச்சிக்கப் போறான்."

"அதத்தான புள்ள சொன்னேன். பைப்புல தண்ணி செவப்பா வருது. அம்மாவுக்கு முட்டி வலி."

"எனக்கு ஒண்ணும் இல்ல. அவனப் பயங்காட்டாதீங்க."

"ஒண்ணும் இல்லையாம். நேத்து படி எறங்க முடியல, இன்னைக்கு ஒண்ணும் இல்லையாம். சரி தம்பி, வைக்கிறேன். வைக்கவா? ... ஆ. வைக்கிறேன்."

கொப்பியில் நான் எழுதியது இது: "இங்கே தொடர்ந்து மழை. மேல் லயத்தில் ஒரு தகரம் பறந்துவிட்டது. குழாய் நீர் கலங்கி வருகிறது. அம்மாவுக்கு முழங்கால் வலி."

பரீட்சையில் முழுப் புள்ளி கிடைக்கும்.

4

அறுபத்தொரு பதிவுகளை எழுதி முடித்திருந்தேன். ஒரு காலை, பஸ்ஸைப் பிடிக்க ஓடியபோது சட்டைப் பையிலிருந்து ஃபோன் விழுந்தது. நான் குனிவதற்குள் பஸ்ஸின் பின்சக்கரம் அதன்மேல் ஏறி இறங்கியது. திருத்துகிற கடைக்காரர் அதை ஒரு சிறு தட்டில் வைத்துத் திருப்பித் தந்தார். பதிவுகளை வேறு இடத்தில் சேமிக்க இடம் போதவில்லை என்று அந்த ஃபோன் மாதக்கணக்காகச் சொல்லிக்கொண்டிருந்தது. நானும் மாதக்கணக்காகப் "பிறகு" என்பதை அழுத்திக்கொண்டிருந்தேன்.

அப்பாவின் ஃபோனில் இருக்குமே என்று மலரைக் கூப்பிட்டேன்.

"அண்ணே, அது சின்ன ஃபோனு. மாசா மாசம் நான்தான் அழிச்சி அழிச்சிக் குடுப்பேன். இல்லாட்டி அப்பாவுக்குப் புதுசாப் பேச எடம் இருக்காது."

"ஒண்ணுகூட இல்லையா?"

"இல்லண்ணே. அப்பா போன பெறகு எல்லாத்தையும் தொடைச்சித்தான் அம்மாவுக்குக் குடுத்தேன். நீ வச்சிருக்கேன்னு நெனச்சேன்."

நீ வச்சிருக்கேன்னு நெனச்சேன். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் நம்பி அழியவிட்டிருக்கிறோம். அவளை நான் ஒன்றும் சொல்லவில்லை. அவளும் என்னைச் சொல்லவில்லை. எண்பது பதிவுகள் சுவடே இல்லாமல் போய்விட்டன. மற்ற அறுபத்தொன்றுக்கு என் கொப்பி இருக்கிறது என்று சமாதானம் செய்துகொண்டேன். அந்தக் கொப்பியை அப்பாவின் ஆண்டுத் திதிக்கு வந்துசேரும்படி பதிவுத் தபாலில் ஊருக்கு அனுப்பினேன். அம்மாவுக்கு வாசித்துக் காட்டச் சொன்னேன். உள்ளூர எனக்குப் பெருமைதான்.

5

திதிக்குப் படையல் போட்டுச் சாப்பிட்டு முடிந்த பகல். அங்கே வெயில், இங்கே இன்னும் காலை. வீடியோவில் அம்மா சுவரோடு சாய்ந்து காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். மலர் கொப்பியை மடியில் வைத்து, செய்தி வாசிப்பவர் மாதிரி தொண்டையைச் செருமிக்கொண்டு வாசித்தாள். ஐந்தாறு பக்கம் போயிற்று. அம்மாவின் முகத்தில் ஒன்றும் அசையவில்லை.

"என்னம்மா, அழுகையே வரல?" என்றாள் மலர்.

"எதுக்கு அழ? கண்டாக்கு தொரைக்கு ரிப்போட் குடுக்கிற மாதிரி இருக்கு."

கண்டாக்கு என்றால் வேலை மேற்பார்க்கிறவர், துரை அவருக்கு மேலே. மலர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

"அம்மா, எல்லாம் அப்பா சொன்னதுதான். ஒரு வெசயம்கூட விடல" என்றேன்.

"சொன்னாரு. இல்லேங்கல. மழ பேஞ்சதும் சரி, தகரம் பறந்ததும் சரி." அம்மா ஃபோனுக்குக் கிட்டே வந்தார். திரை முழுக்க ஒரு கண்ணும் பாதி மூக்கும்தான் தெரிந்தது. "நான் எங்க தம்பி?"

எனக்கு உடனே விளங்கவில்லை.

"அவரு பேசுறப்ப நான் பக்கத்துலதான இருந்தேன்? நானும்தான பேசுனேன்? அந்தாளு ஒரு வார்த்த பேசுனா நான் ரெண்டு வார்த்த பேசுவேன், லயத்துக்கே தெரியும். என்னய எடுத்துப்புட்டு அவர மட்டும் தனியா ஒக்கார வச்சிருக்க."

இடையில் வேறு ஆள் பேசினால் வெட்டு. எனக்கு அந்த விதிதான் முதலில் ஞாபகம் வந்தது.

"அது அப்பாவோட நெனைவுக்குன்னுதாம்மா..."

"நான் இல்லாம அவருக்கு என்னடா நெனைவு?"

கோபமாகச் சொல்லவில்லை. தண்ணீர் இல்லை, பைப்பு உடைந்திருக்கிறது என்று சொல்கிற குரலில்தான் சொன்னார். எனக்குத்தான் உட்கார்ந்திருக்க முடியவில்லை. பதிவுகள் இருந்தால் மறுபடியும் கேட்டு எழுதியிருப்பேன். இல்லை. அப்பாவில் மூன்றில் ஒரு பங்கை வைத்துக்கொண்டு மற்றதை நானே வெட்டிப் போட்டிருந்தேன். அம்மாவை முழுவதுமாக.

6

இரண்டு நாள் கழித்து மலர் கூப்பிட்டாள்.

"அண்ணே, ஒன் கொப்பில பென்சிலால எழுதலாமா?"

அம்மாதான் தொடங்கியிருக்கிறார். தகரம் பறந்த பக்கத்தை மறுபடி வாசிக்கச் சொல்லி, "அன்னைக்கா? அன்னைக்கு நான் அவர ஏசுனேன்ல?" என்று கேட்டிருக்கிறார். பிறகு அவர் என்ன சொன்னார், இவர் என்ன சொன்னார், நடுவில் யாருடைய ஆடு காம்பராவுக்குள் வந்தது, எல்லாம் வந்திருக்கிறது. என் வரிகளுக்கு இடையில் மலர் அதைப் பென்சிலால் எழுதத் தொடங்கினாள். இடம் போதாத இடத்தில் ஓரத்தில் எழுதினாள். ஓரமும் போதாமல் துண்டுத்தாள் ஒட்டினாள்.

மலர் கொட்டகலை பஜாரில் ஒரு கொமினிகேஷனில் வேலை செய்கிறாள். ஃபோட்டோக் கொப்பி, ஸ்கேன், லாமினேட், எல்லாம் செய்கிற சின்னக் கடை. மாலை பஸ்ஸில் வீட்டுக்கு வந்து, விளக்கேற்றிய கையோடு கொப்பியை எடுப்பாளாம். மூன்று மாதம் இது நடந்தது. இடையிடையே எனக்குப் பக்கங்களைப் படமெடுத்து அனுப்பினாள்.

நேர்மையாக ஒன்றைச் சொல்ல வேண்டும். அம்மா சொல்வதெல்லாம் அப்படியே பதிவில் இருந்ததுதானா என்று எனக்குத் தெரியாது. எனக்கு ஞாபகம் இருக்கிற சில இடங்களில் அது வேறு மாதிரி இருந்தது. அம்மாவின் பக்கங்களில் எல்லாச் சண்டையிலும் அம்மாதான் ஜெயிக்கிறார். மலரிடம் இதைச் சொன்னேன்.

"நேர்லயும் அப்பிடித்தான ஜெயிச்சிச்சி?" என்றாள்.

"என் எழுத்த அழிச்சிருங்க. அது வேணாம்" என்றேன்.

"அழிக்க முடியாதுண்ணே. அம்மாவுக்குச் சும்மா கேட்டா ஒண்ணும் வருதில்ல. நீ எழுதுனத வாசிச்சாத்தான் வருது. 'குழாய் நீர் கலங்கி வருகிறது'ன்னு நான் வாசிச்ச ஒடனே, செவப்புத் தண்ணில வெள்ளச் சீலயத் தொவச்ச கதைய ஒரு மணித்தியாலம் சொல்லிச்சி."

சரி, அந்த அளவுக்காவது என் படிப்பு உதவியிருக்கிறது.

இதற்கிடையில் என் பிறப்புச் சான்றிதழின் புதிய பிரதிக்காகவும் மலர்தான் அலைந்தாள். பிரதேச செயலகத்தில் மூன்று தடவை வரிசை. அங்கே சிங்களத்தில்தான் பேச்சு, அவளுக்கு அது என்னைவிட நன்றாக வரும். பழையது என்னவாயிற்று என்று கேட்டார்களாம். பத்திரமாக இருக்கிறது, அதுதான் பிரச்சினை என்று சொல்லியிருக்கிறாள். அவர்களும் சிரித்துவிட்டார்கள். இப்போது கடைக்கு யாராவது பிறப்புச் சான்றிதழை லாமினேட் செய்யக் கொண்டுவந்தால், "பிள்ளைங்க வெளிநாடு போறதுன்னா முத்திர விழாது, உறையில போட்டு வச்சிக்கங்க" என்று திருப்பி அனுப்புகிறாளாம். "வர்ற வேலைய ஏம்மா வெரட்டுற?" என்று கடைக்கார ஐயா முறைக்கிறாராம்.

7

போன வாரம் பார்சல் வந்தது. ஒரு பிளாஸ்டிக் உறையில் புதிய சான்றிதழ், முத்திரையோடு, வெறும் தாளாக. அதற்குக் கீழே கொப்பி. அனுப்பும்போது இருந்ததைவிட இரண்டு மடங்கு தடித்து, அட்டை மூடாமல், ஒரு ரப்பர் பட்டி போட்டு.

ஞாயிற்றுக்கிழமை காலை இனியாவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வாசித்தேன். ஒவ்வொரு பதிவுக்கும் மேலே மலர் பென்சிலால் எழுதியிருந்தாள்: ஹலோ. தம்பி, கேக்குதா? எனக்கு அப்பாவின் குரல் இல்லை. என்னால் முடிந்தமட்டும் சத்தமாக வாசித்துவிட்டு, அவர் விடுகிற அளவுக்கு இடம் விட்டேன். மகள் என்னைப் பார்த்தாள். கொப்பியைப் பார்த்தாள்.

"யா" என்றாள்.

"ஆ" என்று நான் வாசித்தேன்.

கடைசிப் பக்கம் அப்பா போவதற்கு முதல் நாள் அனுப்பிய பதிவு. அவர் போன துக்கத்தில் அதைத்தான் நான் முதலில் எழுதியிருந்தேன், கொப்பியின் கடைசியில், ஒரே வரியில்: "எல்லோரும் நலம்." அதைச் சுற்றி இப்போது பென்சில் வரிகள். அப்பா வைக்கிறேன் என்கிறார். வைக்கவா என்கிறார். அம்மா, "வைக்காதீங்க, இருங்க, நானும் அவன்ட்ட ஒண்ணு சொல்லணும்" என்கிறார். அதற்குள் அப்பாவின் விரல் எடுபட்டு, பதிவு அறுந்துவிட்டது. அது எனக்கும் நன்றாக ஞாபகம் இருக்கிறது. பலதரம் கேட்டிருக்கிறேன். அம்மா என்ன சொல்ல வந்தார் என்று ஒருதரம்கூடக் கேட்டதில்லை.

அதன் கீழே பாதிப் பக்கம் வெறுமையாக இருந்தது. ஓரத்தில் மலரின் எழுத்து: "அம்மாவுக்கு ஞாபகம் வருதில்லையாம். இடம் விட்டிருக்கேன்."

அன்றைக்கே கூப்பிட்டேன். மலர்தான் எடுத்தாள்.

"கொப்பி பத்திரமா வந்திச்சா? பென்சிலு அழிஞ்சிரும்ண்ணே. பக்கம் பக்கமாக் கழட்டி லாமினேட் பண்ணித் தாறேன், திருப்பி அனுப்பு. கடையில ஐயாகிட்ட கேட்டுட்டேன்."

"கடைசிப் பக்கத்தையுமா?"

அவள் யோசித்தாள். "அது வேணாம்" என்றாள். பிறகு, "எதுவுமே வேணாம்ண்ணே. அம்மா இன்னும் சொல்லிக்கிட்டுத்தான் இருக்கு" என்றாள்.

ஃபோனை அம்மாவிடம் கொடுக்கச் சொன்னேன். வழக்கம்போல ஒரு கண்ணும் பாதி மூக்கும் வந்தது.

"அம்மா, அன்னைக்கு என்ன சொல்ல வந்தீங்க? ஞாபகம் வந்திச்சா?"

"இன்னும் இல்லப்பா. முந்தாநாள் கீரை ஆயுறப்ப வாய் வரைக்கும் வந்திச்சி, போயிருச்சி." அம்மா பின்னால் திரும்பி மலரிடம் ஏதோ சொன்னார். பிறகு மறுபடி என்னிடம்: "எடம் இருக்குல்ல?"

"இருக்கும்மா. அரைப் பக்கம்."

"அப்ப சரி. நீயா ஒண்ணும் எழுதி வச்சிராத."